காட்டில் திகில் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு: நிலம், அனுமதி, செலவு, நாள் கணக்கு

டிசம்பர் 27 அன்று பத்தொன்பது பேர் இரண்டு வேன்களில் மலை ஏறினோம். மூன்று கதாபாத்திரங்கள், வழி தவறிய ஒரு காடு, மூன்று இரவுகள். கதை அவ்வளவுதான். படப்பிடிப்புக்கு 16 நாள் ஒதுக்கியிருந்தோம், முடிய 23 நாள் ஆனது. அந்த ஏழு நாளை மழையோ நடிகர்களோ தின்னவில்லை. எங்களிடம் இல்லாத ஒரு காகிதம் தின்றது.

இடம் பிடித்துக் கொடுத்தவர் "எல்லாம் பேசியாச்சு" என்று சொன்னதை நம்பினோம். நான்காம் நாள் இரவு, ஓடைக்கு அந்தப் பக்கம் விளக்கு வைத்துக்கொண்டிருந்தபோது வனக்காவலர்கள் வந்தார்கள். ஓடைவரைதான் பட்டா நிலம், அதைத் தாண்டினால் காப்புக்காடு. அவர்கள் செய்தது சரி. எங்கள் கையில் காட்ட ஒன்றுமில்லை. நான்கு நாள் வேலை நின்றது. அந்த நான்கு நாளால் படப்பிடிப்பு பொங்கலுக்குள் போய் விழுந்தது. லைட்மேன்களும் சமையல்காரரும் ஊருக்குக் கிளம்ப, இன்னும் மூன்று நாள் போனது. உங்களுக்கு இது நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு மலைகளில், இருபது முப்பது லட்சத்தோடு, முதல் படம் எடுப்பவர்களுக்கான வழி இது.

1. கதையை முடிக்கும் முன் நிலத்தை முடிவு செய்யுங்கள்

காட்டில் உயிர் பிழைக்கும் கதைக்கு நான்கு விஷயங்கள் வேண்டும்: இரவு, தீ, ஆயுதம், மிருகம். சரணாலயத்திலும் புலிகள் காப்பகத்திலும் சட்டம் தடுப்பதும் கிட்டத்தட்ட இதே நான்குதான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, சரணாலயத்துக்குள் தீ வைப்பதையும் அனுமதியின்றி ஆயுதத்தோடு நுழைவதையும் தடை செய்கிறது. படப்பிடிப்புக்கு அனுமதி தர வழி இருக்கிறது, 2022 திருத்தத்தில் அதைத் தெளிவாகச் சேர்த்தார்கள். ஆனால் வாழிடத்தில் எந்த மாற்றமும் செய்யாமல், விலங்குகளுக்குப் பாதிப்பு வராமல் எடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஜெனரேட்டர் உறும, விளக்கு எரிய, நாயகி அலறிக்கொண்டு ஓடும் இரவுக் காட்சி அந்த நிபந்தனைக்குள் அடங்காது.

ஆகவே என் முடிவு இது: காட்டின் தோற்றத்தை மட்டும் காட்டிலிருந்து எடுங்கள். மற்ற எல்லாவற்றையும் பட்டா நிலத்தில் எடுங்கள். பழைய காபித் தோட்டம், கைவிட்ட ஏலக்காய்த் தோட்டம், சில்வர் ஓக் நிற்கும் எஸ்டேட் விளிம்பு எல்லாமே இரவில், கேமராவுக்குள், அடர்ந்த காடுதான். காபித் தோட்டத்தில் நிழல் மரங்கள் உயரமாக நிற்கும், கீழே செடிகள் முகத்தில் அடிக்கும், பத்தடிக்கு மேல் கண் போகாது. திகிலுக்கு வேறென்ன வேண்டும்?

ஏற்காடு, கொல்லிமலை, சிறுமலை, கூடலூர், வால்பாறை எல்லா இடத்திலும் இப்படித் தோட்டங்கள் உண்டு. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40. நீளமான ஜெனரேட்டர் வேனை அந்த வளைவுகளில் ஏற்ற முடியுமா என்று ஓட்டுநரையே ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டி, அப்புறம் இடத்தை உறுதி செய்யுங்கள்.

இடம் பிடித்ததும் செய்ய வேண்டியது: சர்வே எண்ணை வாங்குங்கள். வருவாய்த் துறையின் இணையச் சேவையில் பட்டாவையும் புலப்படத்தையும் (நில அளவைப் படம்) நீங்களே பார்க்கலாம். அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நிலத்துக்காரரோடும் கிராம நிர்வாக அலுவலரோடும் எல்லையை நடந்து பாருங்கள். காப்புக்காட்டு எல்லையில் கற்கள் நட்டிருப்பார்கள், பல இடங்களில் புதருக்குள் மூடிக் கிடக்கும். எல்லையிலிருந்து பட்டா நிலத்துக்குள் நூறடி தள்ளி மரங்களில் ரிப்பன் கட்டிவிடுங்கள். எங்கள் நான்கு நாளைக் காப்பாற்ற அந்த ரிப்பன் போதுமாயிருந்திருக்கும்.

2. மாதம்

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை காட்டுத்தீக் காலம். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்களைத் தீ சூழ்ந்து, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை மறக்க வேண்டாம். அந்த மாதங்களில் மலையேற்றப் பாதைகளையே மூடிவிடுவார்கள். ஜூன் முதல் செப்டம்பர்வரை வால்பாறை, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழையும் அட்டையும். அக்டோபர் முதல் டிசம்பர் நடுவரை கொல்லிமலை, சிறுமலை, ஏற்காடு பக்கம் வடகிழக்குப் பருவமழை.

மிஞ்சுவதில் சிறந்தது டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி பத்துவரை. நல்ல பனிமூட்டம், நீண்ட இரவு. பொங்கலை மட்டும் கணக்கில் வையுங்கள். போகிக்கு முன் முடியுங்கள், இல்லையென்றால் காணும் பொங்கல் கழிந்து தொடங்குங்கள். நடுவில் நிறுத்தினால் ஆளில்லாவிட்டாலும் எஸ்டேட் வாடகை ஓடும்.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. யூனிட் வண்டி ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, சோதனைச் சாவடியில் தண்ணீர் பாட்டில் கட்டுகளை இறக்கச் சொல்வார்கள். 20 லிட்டர் கேனும் ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளரும் எடுத்துப் போங்கள். சில காட்டுச் சாலைகளில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை உண்டு, திம்பம் மலைப்பாதை அப்படி ஒன்று. இரவு படப்பிடிப்பு முடித்து அந்த வழியாகத் திரும்பலாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

3. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

எழுத்தில் இல்லாதது அனுமதி இல்லை. இதில் மட்டும் யார் மனமும் நோகும் என்று பார்க்காதீர்கள்.

நிலத்துக்காரர் கடிதம்: சர்வே எண், தேதிகள், இரவு வேலைக்குச் சம்மதம், தீ மூட்டச் சம்மதம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கம்பெனி எஸ்டேட் என்றால் மேலாளர் தலையாட்டியது போதாது, தலைமை அலுவலகக் கடிதம் வேண்டும். இதற்கே மூன்று வாரம் போகலாம்.

காவல் நிலையத்துக்கும் ஊராட்சிக்கும் தகவல் கடிதம்: பெறப்பட்டது என்ற முத்திரையோடு நகல் வாங்குங்கள். பொம்மைத் துப்பாக்கி இருந்தால் அதையும் எழுதுங்கள். இரவில் அலறல் கேட்டு ஊர் ஜனம் ஓடிவரும். எங்களிடம் வந்தார்கள், உண்மையில் உதவத்தான் வந்தார்கள். முதல் நாளே பக்கத்துக் குடியிருப்புக்குப் போய் எந்தெந்த இரவு சத்தம் கேட்கும் என்று சொல்லிவிடுவதுதான் மரியாதை.

வனச்சரகருக்குத் தகவல்: பட்டா நிலமே ஆனாலும், காட்டை ஒட்டியிருந்தால் போய்ப் பாருங்கள். யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

காட்டுக்குள் பகல் காட்சி வேண்டுமென்றால்: காப்புக்காட்டுக்கு மாவட்ட வன அலுவலர் வழியாகவும், சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் சென்னையில் உள்ள தலைமை வன உயிரினக் காப்பாளர் வழியாகவும் போக வேண்டும். கட்டணம், வைப்புத்தொகை, கூடவே வரும் ஊழியர் என்று நிபந்தனைகள் இருக்கும். எத்தனை பேர், எத்தனை கேமரா, எந்தத் தேதி என்று விண்ணப்பத்தில் குறித்துவிடுங்கள். மூன்று மாதம் முன்பே கொடுங்கள். இரண்டு பகலுக்கு மேல் கேட்காதீர்கள்.

டிரோன்: 2021 டிரோன் விதிகளின்படி பதிவு எண்ணும் பைலட் சான்றும் உள்ளவரையே அழையுங்கள், இரண்டின் நகலையும் வாங்குங்கள். சரணாலயத்தின் மேல் பறக்கவிட வனத்துறை அனுமதி தனியாக வேண்டும்.

குழந்தை நடிகர்: முடிந்தவரை வேண்டாம். மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை, ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இரவுக் கதைக்கு அது ஒத்துவராது.

இன்னொன்று, கிளை மறைக்கிறது என்று அரிவாளைத் தூக்காதீர்கள். அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். கேமராவை நகர்த்துங்கள்.

4. மிருகத்தைக் காட்டாதீர்கள்

புலி, சிறுத்தை, கரடி, குரங்கு, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி நடிக்க வைக்கத் தடை இருக்கிறது. நாய், ஆடு என்றாலும் 2001ஆம் ஆண்டு விதிகளின்படி படப்பிடிப்புக்கு முன்பே விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி வேண்டும். அதன் அலுவலகம் இப்போது ஹரியானாவில் பல்லப்கட்டில் இருக்கிறது. எடுத்து முடித்தபின் தடையில்லாச் சான்றும் வாங்க வேண்டும். அது இல்லாமல் தணிக்கை நகராது. படத்தில் ஒரு தெருநாய் குறுக்கே போனாலும் கேள்வி வரும். கிராபிக்ஸ் மிருகம் என்றால் அது கிராபிக்ஸ்தான் என்று காட்ட, வேலை நடந்த படிநிலைக் கோப்புகளைப் பத்திரமாக வையுங்கள்.

நாங்கள் முதலில் எழுதிய கதையில் ஒரு கரடி வந்தது. கடைசியில் கரடியை எடுத்துவிட்டு, சுள்ளி ஒடியும் சத்தத்தையும், மரப்பட்டையில் புதிதாய் விழுந்த கீறலையும், நின்றுபோன சில்வண்டுச் சத்தத்தையும் வைத்தோம். பார்த்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தைத்தான் சொன்னார்கள். செலவு ஒன்றுமில்லை.

5. இரவின் பாதியைப் பகலில் எடுங்கள்

இரவு வேலையில் ஆட்கள் மூன்றாம் நாளே தளர்ந்துவிடுவார்கள். மலைப்பாதையில் தூக்கக் கலக்கம் ஆபத்து, இரவு கால்ஷீட்டுக்குச் சம்பளக் கணக்கும் வேறு. அதனால் காட்சிகளை இரண்டாகப் பிரியுங்கள்.

டார்ச், தீப்பந்தம், நெருப்பு தெரியும் காட்சிகளை உண்மையான இரவில்தான் எடுக்க முடியும். நிலா வெளிச்சத்தில் ஓடுவது, ஒளிவது, தவழ்வது எல்லாவற்றையும் பகலில் எடுத்து இரவாக்கலாம். முறை எளிது: வானம் ஃபிரேமுக்குள் வரவே கூடாது. சூரியன் நடிகரின் பின்னால் இருக்கட்டும், அதுதான் நிலா. ஒயிட் பேலன்ஸை 3200 கெல்வினில் வையுங்கள், படம் நீலமாகும். வெளிச்சத்தை ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் குறைத்து எடுங்கள். மிச்சம், படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் கலரிஸ்ட் கையில். முன்கூட்டியே ஒரு காட்சியை எடுத்து அவரிடம் கொடுத்துச் சோதித்துவிடுங்கள், 16 நாள் எடுத்த பிறகு சோதிக்காதீர்கள்.

அந்தி வெளிச்சம் நம் ஊரில் இருபது நிமிடம்தான். தூரக் காட்சிகளுக்கு அது பொன்னான நேரம். மதியமே ஒத்திகை பார்த்து, தினம் ஒரே ஒரு காட்சியை மட்டும் அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான இரவுக்கு, சோனி எஃப்எக்ஸ்3 போல இரண்டாவது அடிப்படை ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 12,800 உள்ள கேமராவை வாடகைக்கு எடுத்தால் பெரிய விளக்குகள் தேவையில்லை. பேட்டரியில் எரியும் எல்இடி நான்கு போதும். பேட்டரிகளைச் சார்ஜ் செய்ய மட்டும் ஜெனரேட்டர், அதுவும் தங்குமிடத்தில். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், கம்பளியில் சுற்றி வையுங்கள்.

6. சத்தம்

திகில் படத்தில் பாதிப் பயம் காதுவழிதான் வருகிறது. ஆனால் காட்டில் பதிவு செய்த வசனத்தைப் படத்தொகுப்பில் வெட்டும்போது, பின்னால் ஓடும் சில்வண்டுச் சத்தம் வெட்டுக்கு வெட்டு துள்ளும். எங்களுக்கு முதல் வாரப் பதிவு முழுக்க வீணானது. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த இடத்தின் வெறும் சத்தத்தை இரண்டு நிமிடம் பதியுங்கள். வசனத்தை எப்படியும் டப்பிங் பேசுவோம் என்று முதலிலேயே முடிவெடுத்து, அதற்கு மூன்று நாள் ஒதுக்குங்கள். மூச்சு, விசும்பல், அலறல் மட்டும் அந்த இடத்திலேயே பதியுங்கள். ஏசி அறையில் நின்றுகொண்டு அந்த மூச்சு வராது.

7. ரத்தம், புகை, தீ

சர்க்கரைப் பாகில் ரத்தம் கலக்காதீர்கள். பத்து நிமிடத்தில் எறும்பு மொய்க்கும், இனிப்பு வாசம் கரடியையும் இழுக்கும். கிளிசரினில் உணவுச் சிவப்பும் துளி கறுப்பும் கலந்தால் போதும். நடிகரின் உடை ஒவ்வொன்றிலும் மூன்று செட் வேண்டும்: சுத்தமானது, கிழிந்தது, ரத்தம் பட்டது.

சாம்பிராணிப் புகை மலிவுதான். போடும் முன் அண்ணாந்து பாருங்கள், மேலே மலைத்தேனீக் கூடு இருந்தால் அந்த இடமே வேண்டாம்.

தீக் காட்சிக்கு, சருகை முழுக்கப் பெருக்கிய மண் தரை, சுற்றிலும் பத்தடி வெறும் நிலம், இரண்டு டிரம் தண்ணீர், அதற்கென்றே இரண்டு ஆட்கள். முடிந்தபின் சாம்பலைக் கிளறித் தண்ணீர் ஊற்றி, கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

8. ஆட்களின் உயிர்

புலி வந்துவிடுமோ என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். எஸ்டேட்களில் உண்மையில் அதிகம் பயப்பட வேண்டியது யானைக்கும் காட்டுமாட்டுக்கும். வால்பாறையில் யானை நடமாட்டத்தைக் கைப்பேசிச் செய்தியாலும் சிவப்பு விளக்காலும் தெரிவிக்கும் ஏற்பாடே இருக்கிறது. அங்கே போனால் சேர்ந்துகொள்ளுங்கள். எங்கே போனாலும் தோட்டத்து வாட்ச்மேன் ஒருவரைச் சம்பளம் கொடுத்துக் கூடவே வையுங்கள். "இன்னிக்கு வேணாம்" என்று அவர் சொன்னால் அன்று பேக்-அப், படப்பிடிப்பு இல்லை. எங்கள் வாட்ச்மேன் அண்ணன் இருமுறை சொன்னார், இருமுறையும் மறுநாள் காலையில் நாங்கள் விளக்கு வைக்கவிருந்த இடத்தில் யானைச் சாணம் கிடந்தது.

பாம்புக்கடி: முட்டிவரை பூட்ஸ், கையில் டார்ச், கூட ஒரு ஆள் இல்லாமல் யாரும் இருட்டில் ஒதுங்கக் கூடாது. கடித்தால் கீறாதீர்கள், கயிறு கட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல், கையையோ காலையோ அசையாமல் வைத்து, நேராக அரசு மருத்துவமனைக்குத் தூக்குங்கள். இரவில் விஷமுறிவு மருந்து எந்த மருத்துவமனையில் இருக்கிறது, அங்கே போக எத்தனை நிமிடம் ஆகும் என்பதை முதல் நாளே நேரில் போய்க் கேளுங்கள். அந்த மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்குமானது, மலையில் உள்ள குழிவிரியன்களுக்கு வேலை செய்யாது. ஆகவே கடிபடாமல் இருப்பதுதான் முக்கியம். ஒரு வண்டி, ஓட்டுநரோடு, எப்போதும் இறங்கும் திசையில் திருப்பி நிற்க வேண்டும். 108 மலைக்கு வந்து சேரும்வரை காத்திருக்க முடியாது.

திரும்பி வந்து மூன்று வாரத்துக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் "காட்டில் இருந்தேன்" என்று மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலாக இருந்தால் மருத்துவர் தரும் சாதாரண ஆன்டிபயாடிக் மாத்திரையில் குணமாகும், விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. எங்கள் உதவி இயக்குநர் தம்பிக்கு அக்குளில் அந்தக் காய்ச்சலின் அடையாளமான சின்னக் கறுப்புப் பொருக்கு இருந்ததைக் கண்டுபிடித்தது அவன் அம்மாதான்.

9. பணம்

எங்கள் கணக்கில் ஒரு படப்பிடிப்பு நாள் 45,000 ரூபாய். எஸ்டேட்டும் தங்குமிடமும் 15,000, சாப்பாடு ஆளுக்கு 500 வீதம் 9,500, வண்டியும் டீசலும் 8,000, பேட்டா 6,500, கேமராவும் லென்ஸும் 6,000. சம்பளமும் படப்பிடிப்புக்குப் பிந்தைய வேலைகளும் இதில் சேராது. 24 லட்சத்தில் முடிப்பதாகத் தொடங்கி 28 லட்சத்தில் முடித்தோம். கூடுதலில் கிட்டத்தட்ட மூன்று லட்சம் அந்த ஏழு நாளுக்குப் போனது.

சாப்பாட்டில் மட்டும் கைவைக்காதீர்கள். குளிரில் இரவு இரண்டு மணிக்குச் சூடாக ஒரு டம்ளர் சுக்குக் காபியும் ரெண்டு பன்னும் கிடைத்தால் ஆட்கள் இன்னும் இரண்டு மணி நேரம் முகம் சுளிக்காமல் நிற்பார்கள். குழு விபத்துக் காப்பீடு எல்லோருக்கும் எடுங்கள், சமையல்காரரையும் ஓட்டுநரையும் சேர்த்து. மொத்தத்தில் 15 சதவீதத்தைத் தனியாக, தயாரிப்பாளர் அல்லாத ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். அந்தப் பிந்தைய வேலைகளுக்கான பணத்தைப் படப்பிடிப்பு தொடங்கும் முன்பே ஒதுக்குங்கள். மலையில் பணத்தைக் கரைத்துவிட்டு ஹார்ட் டிஸ்க்கைப் பரணில் வைத்திருப்பவர்களை எனக்கே நான்கைந்து பேரைத் தெரியும்.

10. தணிக்கை

விண்ணப்பம் தணிக்கை வாரியத்தின் இ-சினிபிரமாண் தளத்தில். சென்னை மண்டல அலுவலகம் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் இருக்கிறது. 2024 விதிகளுக்குப் பிறகு யு/ஏ மூன்றாகப் பிரிந்திருக்கிறது: 7+, 13+, 16+. உங்கள் இலக்கு யு/ஏ 16+ ஆக இருக்கட்டும். ‘ஏ’ வாங்கினால் தொலைக்காட்சியில் போட முடியாது, சாட்டிலைட் உரிமை பேசுபவர் முதலில் கேட்பதே அதைத்தான். கத்தி உடலுக்குள் போவதைக் காட்டாமல் முகத்தைக் காட்டும் மாற்று ஷாட்டை படப்பிடிப்பிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெட்டச் சொன்னால் ஓட்டை விழாமல் நிரப்ப அது கைகொடுக்கும்.

தலைப்பைத் தயாரிப்பாளர் சங்கத்திலோ ஃபிலிம் சேம்பரிலோ மலை ஏறும் முன்பே பதிவு செய்யுங்கள். படம் முடிந்தபின் தலைப்பு வேறொருவரிடம் இருப்பது தெரிந்தால் டைட்டில் கார்டு, போஸ்டர், டிரெய்லர் எல்லாம் மறுபடியும். கதாபாத்திரம் பீடி பிடித்தால் எச்சரிக்கை வாசகமும் புகையிலை எதிர்ப்பு விளம்பரப் படங்களும் சேர்க்க வேண்டும், அந்த பீடி கதைக்கு அவசியமா என்று யோசியுங்கள். விலங்குகள் நல வாரியச் சான்று, கதைச் சுருக்கம், வசனப் பிரதி, பாடல் வரிகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து, வெளியீட்டுத் தேதிக்கு இரண்டு மாதம் முன்பாவது விண்ணப்பியுங்கள். சான்று கைக்கு வரும்வரை தியேட்டர்காரரிடமோ, தியேட்டர்களுக்குப் படத்தை டிஜிட்டலாக அனுப்பும் கியூப் நிறுவனத்திடமோ தேதி சொல்லி முன்பணம் கட்டாதீர்கள்.